நான் எழுதிய வழியில் போன பஸ்

ஒருவருக்கு நன்றி சொல்லத் தோன்றினால் வாயால் சொல்லிவிட வேண்டும். அதுவும் அவர் காதில் மட்டும் விழுகிற மாதிரி. அது கூச்சமாக இருந்தால் ஆப்பிள் வாங்கிக் கொடுக்கலாம். எந்தக் காரணம் கொண்டும் எழுதக் கூடாது. எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. குற்றவாளியும் நானேதான்.

நான் பி.ஏ. வரலாறு படித்தவள். எங்கள் ஊர் ஒரகடத்துக்கும் சேரப்பணஞ்சேரிக்கும் நடுவில் இருக்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் கம்பெனி. எங்கள் தெருவில் பத்தாவது முடித்தால் ஐ.டி.ஐ., பன்னிரண்டாவது முடித்தால் டிப்ளமோ, அதற்கு மேல் மார்க் வாங்கித் தொலைத்தால் என்ஜினியரிங் என்று எல்லாருக்கும் முன்கூட்டியே வழி போட்டு வைத்திருந்தார்கள். நான் மட்டும் வரலாறு படிப்பேன் என்று அடம்பிடித்தேன். காருக்கு பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் லைனில் நிற்கும் அப்பாவுக்கு இது விளங்கவே இல்லை.

"ஹிஸ்டரின்னா நடந்து முடிஞ்சதுதானே? முடிஞ்சி போனதை இன்னாத்துக்குடி மூணு வருஷம் படிக்கிற?" என்று கேட்டார்.

(இன்றைக்கும் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.)

கல்லூரிக்கு எங்கள் ஊரிலிருந்து நேர் பஸ் கிடையாது. ஒரகடம் கூட்ரோடு போய் மாற வேண்டும். கூட்ரோடு வரைக்கும் நம்பிப் போக இருந்த ஒரே வண்டி அப்பாவின் கம்பெனி பஸ். 'பணியாளர் தவிர மற்றவர் ஏறக் கூடாது' என்று அதன் கதவிலேயே எழுதியிருக்கும். அதைப் படித்துக்கொண்டேதான் ஊர் மொத்தமும் ஏறும்.

பஸ்ஸை ஓட்டியவர் ஏழுமலை அண்ணன். எங்கள் ஊர்க்காரர். வண்டி கம்பெனியுடையது அல்ல, ஒரு டிராவல்ஸுடையது. இவர் அந்த டிராவல்ஸில் டிரைவர். முதல் ஸ்டாப் எங்கள் ஊர் என்பதால் ராத்திரி பஸ்ஸை ஸ்கூல் மைதானத்தில் விட்டுவிட்டு, நடந்து வீட்டுக்குப் போய்த் தூங்குவார். கம்பெனி பஸ் டிரைவருக்கு இது பெரிய பாக்கியம். வேறு ரூட் என்றால் பஸ்ஸிலேயே படுக்கை, ஞாயிற்றுக்கிழமைதான் வீடு. முன்பு அப்படி ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் வந்து நின்றவரைப் பார்த்து அவருடைய குழந்தை, "அம்மா, யாரோ மாமா வந்திருக்காரு" என்று உள்ளே ஓடிவிட்டது. அதன் பிறகுதான் கெஞ்சிக் கூத்தாடி இந்த ரூட்டை வாங்கினார்.

வழியில் ஒரு ஸ்டாப்பில் கம்பெனி செக்யூரிட்டி நிற்பார். பஸ்ஸில் ஏற மாட்டார். ஜன்னல் வழியாகக் கழுத்துகளை மட்டும் பார்ப்பார். கழுத்தில் கயிறும் அட்டையும் தொங்கினால் கம்பெனி ஆள், இல்லையென்றால் இல்லை. அந்த அட்டைக்கு எங்கள் ஊரில் டேக் என்று பெயர். ஆகவே ஊரில் ஆளுக்கொரு டேக். கூட்ரோடில் பூ விற்கும் கஸ்தூரி அக்கா ரேஷன் கார்டைக் கயிற்றில் கோத்து மாட்டிக்கொள்வார். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் காப்பீட்டு அட்டையை மாட்டுவார்கள். தையல் வகுப்புப் பெண்களுக்கு ஏ.டி.எம். கார்டு. நான் அப்பா முன்பு வேலை பார்த்த கம்பெனியின் பழைய டேக்கை மாட்டிக்கொள்வேன். அதில் அப்பா முழு மீசையோடு முறைத்துக்கொண்டிருப்பார். வீட்டைவிட்டுக் கிளம்பும் யாரையும் எங்கள் ஊரில் "டேக் எடுத்துக்கினியா?" என்றுதான் கேட்பார்கள். சாப்பிட்டாயா என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

ஷிஃப்ட் பஸ் என்பதால் விடியும்போதே கிளம்பிவிடும். கல்லூரி கேட்டைத் திறக்கும் முன்பே நான் போய் நின்றுவிடுவேன். வாட்ச்மேன் என்னைப் பார்த்ததும் பெருமூச்சு விடுவார். போக்கிடம் இல்லாத அந்த நேரத்தில், கேட்டுக்கு எதிரே உட்கார்ந்து போனை நோண்டியபோதுதான் வலைப்பூ என்ற ஒன்றைக் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தேன் என்றால், உலகமே எழுதி முடித்து, சலித்துப் போய், வீடியோ எடுக்கக் கிளம்பிய பிறகு. பந்தி முடிந்து இலை எடுக்கும் நேரத்தில் போய் உட்கார்ந்த மாதிரி. எனக்கு அது தெரியாதே! நான் நினைத்ததை நானே எழுதி, நானே வெளியிட்டு, கீழே 'எழுதியவர் மஞ்சுளா' என்று போட்டுக்கொள்ளலாம், ஒருவரும் கேட்க மாட்டார்கள் என்று தெரிந்த அன்றைக்கு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

வலைப்பூவின் பெயர் 'மண்ணும் மஞ்சுளாவும்'. (சிரித்துக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரர் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்.) பல்லவர் கால நீர்ப்பாசனம், மணிமங்கலத்துப் போர் என்று கனமான விஷயங்களாக எழுதித் தள்ளினேன். வாசகர்கள் இருவர். ஒன்று நான். இன்னொன்று, அம்மாவின் போனில் நான்.

அப்போதுதான் பாடத்தில் மக்கள் வரலாறு என்று ஒரு பகுதி வந்தது. ராஜா கதை மட்டும் வரலாறு இல்லை, சாதாரண ஜனங்கள் எப்படி வாழ்கிறார்கள், என்ன உபாயம் செய்கிறார்கள் என்பதும் வரலாறுதான் என்று படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. உபாயமா? என் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருக்கிறதே! அன்றைக்கே உட்கார்ந்து எழுதினேன். தலைப்பு, 'கழுத்துக் கயிறு: ஒரு கம்பெனி பஸ்ஸின் சமூக வரலாறு'.

அதில் எல்லாவற்றையும் எழுதினேன். யார் எந்த அட்டையை மாட்டுகிறார்கள், செக்யூரிட்டி எங்கே நிற்கிறார், எந்தெந்த ஸ்டாப்பில் யார் ஏறுகிறார்கள், எங்கே இறங்குகிறார்கள், எல்லாம். 'விதியின் கதவுகள் மூடும்போது கருணையின் கதவைத் திறக்கும் மாமனிதர்' என்று ஏழுமலை அண்ணனைப் பற்றி மட்டும் ஒரு பக்கம். அவருக்குச் சிக்கல் வந்துவிடக் கூடாதே என்ற பொறுப்புணர்ச்சியில் பெயரை வெங்கடேசன் என்று மாற்றினேன். மாற்றிவிட்டு, அவர் பஸ்மேல் சாய்ந்து பல் தெரியச் சிரிக்கும் போட்டோவைப் போட்டேன். வண்டி நம்பர் பளிச்சென்று தெரிந்தது. (மூளை என்ற ஒன்று அன்று லீவில் இருந்திருக்க வேண்டும்.)

கட்டுரையை வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். அங்கிருந்து யாரோ ஒரு புண்ணியவதி, 'நம்ம ஏரியா பத்தி சூப்பரா எழுதியிருக்காங்க' என்று ஒரகடம் வேலைவாய்ப்பு குரூப்புகளில் போட்டுவிட்டாள். அந்தக் குரூப்புகளில் வேலை தேடுகிறவர்கள் மட்டும் இருப்பதில்லை. ஆள் தேடுகிற கம்பெனிக்காரர்கள் அத்தனை பேரும் இருப்பார்கள். பார்வையாளர் எண்ணிக்கை விறுவிறுவென்று ஏறியது. நான் கால் தரையில் படாமல் நடந்தேன். தமிழுலகம் என்னைக் கண்டுகொண்டது என்று கண்ணாடி முன்னால் நின்று ஒரு தடவை சொல்லியும் பார்த்தேன்.

அடுத்த திங்கட்கிழமை காலை, வழக்கமான ஸ்டாப்பில் பஸ் நின்றது. செக்யூரிட்டி ஜன்னல் பக்கம் வரவில்லை. இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் ஒருவர் படியேறி உள்ளே வந்தார். கம்பெனியின் அட்மின் அதிகாரி.

"எல்லாரும் ஐ.டி. கார்டைக் கையில எடுத்துக் காட்டுங்க" என்றார்.

முதலில் மாட்டியது கஸ்தூரி அக்கா. மடியில் பூக்கூடையோடு டேக்கை நீட்டினார். அதிகாரி திருப்பிப் பார்த்தார்.

"இது ரேஷன் கார்டும்மா."

"ஆமா சார். கவர்மென்ட் கொடுத்தது. உங்க கார்டைவிட ஒஸ்திதானே?"

அதிகாரி அடுத்து என்னிடம் வந்தார். என் டேக்கையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்த மீசை யாரும்மா?" என்றார். பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த மீசைக்காரர் இன்னும் விழிக்கவில்லை.

அதிகாரி பேன்ட் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தார். "இந்த பஸ்ஸைப் பத்தி ஒரு கட்டுரை சுத்திக்கிட்டிருக்கு. நீங்களே கேளுங்க" என்று சத்தமாக வாசிக்க ஆரம்பித்தார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். எழுதும்போது எவ்வளவு இனித்த வரிகள்! அவர் குரலில் எல்லாம் போலீஸ் ஸ்டேஷன் புகார் மாதிரி இருந்தன. ஒவ்வொரு வரிக்கும் பஸ்ஸில் ஒரு முனகல் எழுந்தது.

"எவன்டா அவன், கூடவே உக்காந்துகினு எழுதினவன்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அப்பாதான். விழித்துவிட்டார். "கைல கெடச்சான்னா கைய ஒடிக்கணும் பேமானிய!"

அதிகாரி வாசித்துக்கொண்டே போனார். 'காலைக் கதிரவன் எழும் வேளையில், தாமரைகள் கண்விழிக்கும் ஏரிக்கரையின்மேல் எங்கள் பேருந்து மெல்ல அசைந்து திரும்பும்.'

டிரைவர் சீட்டிலிருந்து ஏழுமலை அண்ணன் திரும்பினார். "சார், சத்தியமா நான் ஏரிக்கரை மேல போனதே இல்ல சார். அதுல சைக்கிள் போறதே கஷ்டம்."

உண்மை. ஏரிக்கரையை அழகுக்காக நான்தான் சேர்த்தேன். கூட்ரோடு டீக்கடையும் லாரி ஸ்டாண்டும் மட்டும் இருந்தால் இலக்கியம் எப்படி வரும்?

அதிகாரி அடுத்த வரிக்குப் போனார். 'கடைசி இருக்கையில் ஒரு தொழிலாளி, வாயைப் பிளந்தபடி, சேஃப்டி ஷூவைக் குழந்தைபோல் மடியில் வைத்துக்கொண்டு உறங்குவார். அந்தக் குறட்டையில் நான் இந்நாட்டு உழைப்பின் தாளத்தைக் கேட்கிறேன்.'

பஸ்ஸில் எல்லாத் தலையும் கடைசி இருக்கையைப் பார்த்துத் திரும்பியது. அப்பா மடியைக் குனிந்து பார்த்தார். ஷூ இருந்தது. பிறகு மெதுவாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். டேக்கில் இருந்த அதே முறைப்பு.

"மஞ்சு..." என்றார். கையை ஒடிப்பதாகச் சற்று முன் அறிவித்திருந்ததால் அவருக்குச் சங்கடமாக இருந்திருக்கும்.

கம்பெனி டேக் இல்லாதவர்கள் எல்லாரும் அங்கேயே இறக்கிவிடப்பட்டோம். பூக்கூடையும் தையல் பையும் ஆஸ்பத்திரி பைலுமாக ரோட்டோரம் ஒரு சின்னத் திருவிழாக் கூட்டம் நின்றது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கஸ்தூரி அக்கா நேராக என்னிடம் வந்தார். அடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன்.

"ஏண்டி, ஏழுமலைக்கு ஒரு பக்கம் எழுதத் தெரியுது. தெனம் உன் தலைல பூ வச்சி வுடறனே, எனக்கு ஒத்த வரிதானா? அதுலயும் 'பூக்காரப் பெண்மணி'யாம்! எனக்கு இன்னா பேரு இல்லையா?"

அன்று சாயங்காலமே தெரிந்துவிட்டது. ஏழுமலை அண்ணனை இந்த ரூட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். நாளை மத்தியானம் கிளம்பி, செங்கல்பட்டைத் தாண்டி எங்கேயோ ஒரு ரூட்டில் போய்ச் சேர வேண்டும். படுக்கை பஸ்ஸிலேயே. அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். அவருடைய மனைவி உள்ளே போய்விட்டார். அண்ணன் என்னைப் பார்த்துத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "வுடு மஞ்சு, நல்லதுக்குன்னுதான் எழுதின" என்றார். அப்பா கையை ஒடித்திருந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றியது. வீட்டுக்கு வந்து தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன்.

அப்பாவுக்கு என்மேல் இருந்த கோபம் அதைப் பார்த்ததும் இறங்கிவிட்டது. "எழுந்துரு. போய்க் கேட்டுப் பாக்கலாம்" என்று என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு கம்பெனி கேட்டுக்கே போனார். அந்த அட்மின் அதிகாரி வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நான் கையைக் கூப்பி, தப்பு என்னுடையது, அவருடையது இல்லை, கட்டுரையை அழித்துவிட்டேன் என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

அவர் நல்லவர்தான். என்னை உட்காரச் சொன்னார். "உங்க ஊர்க்காரங்க அந்த பஸ்ல வர்றது எங்களுக்குத் தெரியாதுன்னா நினைச்சே? ரேஷன் கார்டைக்கூடவா செக்யூரிட்டிக்குத் தெரியாது? எல்லாருக்கும் தெரியும்மா. ஆனா எழுத்துல இல்ல. நீ எழுதிட்டே. எழுத்துல வந்துட்டா நாங்க தெரியாத மாதிரி இருக்க முடியாது."

மூன்று வருடப் பாடத்தில் யாரும் சொல்லித்தராத வரலாற்று உண்மை அது. ஆனால் அதை அப்போது ரசிக்கும் நிலையில் நான் இல்லை. அப்பாவும் நானும் வெறுங்கையோடு திரும்பி வந்தோம்.

மறுநாள் காலை புது டிரைவர் பஸ்ஸை எடுத்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், இந்த ஏரியாவுக்குப் புதிது. எங்கள் ஊரில் ஏறியவர்கள் வழக்கம்போல உட்கார்ந்ததும் தூங்கிவிட்டார்கள். நான் தெருமுனையில் கஸ்தூரி அக்காவோடு ஷேர் ஆட்டோவுக்காக நின்றிருந்தேன். போன் அடித்தது. அப்பா.

"மஞ்சு" என்றார். குரல் ரொம்ப சாந்தமாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. "ஏரி நல்லா கீது."

"என்னப்பா?"

"நீ எழுதின மாதிரியே கீது. சூரியன் கீது. தாமரை கீது. பஸ்ஸும் அசையுது. எறங்கலாம்னா ஒரு பக்கம் தண்ணி, ஒரு பக்கம் பள்ளம். ஏழுமலைய இட்டா. சீக்கிரம் இட்டா."

நான் பூக்கூடையைத் தாண்டி ஓடினேன். ஏழுமலை அண்ணன் வாசலில் பையைக் கட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்படியே ஓடிவந்தார். ஏரிக்கரையின் நடுவில், சக்கரங்கள் கரையின் இரண்டு விளிம்பிலும் நிற்க, பஸ் பயந்து நின்றிருந்தது. உள்ளே ஒருவரும் அசையவில்லை. இந்நாட்டு உழைப்பின் தாளம் முழுதாக நின்றுபோயிருந்தது.

புது டிரைவர் மட்டும் ஜன்னலில் தலையை நீட்டி, கையில் ஒரு பேப்பரை ஆட்டினார். என் கட்டுரை! டிராவல்ஸ் ஆபீஸில் ரூட் தெரியாதவரிடம், 'ஸ்டாப் எல்லாம் இதுல வரிசையா எழுதியிருக்கு, பாத்துப் போ' என்று பிரிண்ட் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். நான் அழிப்பதற்கு முன்பே எடுத்துவிட்டார்கள்.

"பேப்பர்ல ஏரிக்கரை மேல திரும்பணும்னு போட்டுருக்குண்ணே! நான் என்னத்த செய்ய?" என்று அவர் அழாத குறையாகக் கத்தினார்.

ஏழுமலை அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். டிரைவர் பக்கக் கதவு வழியாகத் தொற்றி ஏறினார். நான் கரையில் பின்னால் நின்று கையைக் காட்டி வழி சொல்லப் போனேன்.

"யம்மா தாயே, நீ வழி காட்டாத! அப்பால போய் நில்லு!" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

தள்ளி நின்றேன். இன்ச் இன்ச்சாக, முழுக் கரையும் ரிவர்ஸ். ஒரு இடத்தில் மண் சரிந்து ஏரிக்குள் விழுந்தது. பின்னாலேயே ஓடிவந்திருந்த கஸ்தூரி அக்கா கண்ணை மூடிக்கொண்டு எல்லையம்மனைக் கூப்பிட்டார். நான் அம்மனோடு சேர்த்து எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். பஸ் தார் ரோட்டைத் தொட்டபோது உள்ளிருந்து எழுந்த விசிலும் கைதட்டலும் படப்பை வரைக்கும் கேட்டிருக்கும்.

அன்று லைனில் ஆள் இல்லாமல் ஷிஃப்ட் தொடங்கவே தாமதமாகிவிட்டது. கம்பெனியில் லைன் நிற்பது என்றால் வீட்டில் இழவு விழுந்த மாதிரி. மேலிருந்து கேள்வி வர, கேள்வி அட்மினுக்கு வர, அட்மின் டிராவல்ஸைப் பிடித்து உலுக்க, மத்தியானம் செங்கல்பட்டுக்குக் கிளம்ப வேண்டிய ஏழுமலை அண்ணன் மத்தியானம் தன் வீட்டில் சோறு தின்றுகொண்டிருந்தார். மறுநாளிலிருந்து அதே ரூட், அதே பஸ். ஒரே ஒரு நிபந்தனை. கம்பெனி ஆட்களைத் தவிர ஒரு ஈ ஏறக் கூடாது.

அதில் மட்டும் நான் ஊருக்குச் செய்த கெடுதல் கெடுதலாகவே நின்றுவிட்டது. கல்லூரி முடியும் வரை ஷேர் ஆட்டோவில் கஸ்தூரி அக்காவின் பூக்கூடையை என் மடியில் வைத்துக்கொண்டு போனேன். அது எனக்கு அவர் விதித்த தண்டனை. வாரம் தவறாமல், "என்னைப் பத்தி எப்பதாண்டி எழுதுவ?" என்பார். அவருக்காகவே ஒரு கட்டுரை எழுதினேன். பெயர் போட்டு, ஒரு பக்கத்துக்கு மேல். போடுவதற்கு முன் அவருக்கு வாசித்துக் காட்டி, ரேஷன் கார்டு இருந்த இடத்தை எல்லாம் அடித்துவிட்டேன். இப்போது ஒரு பயிற்சி நிலையத்தில் மெஷின் கையேடுகள் எழுதுகிறேன். 'பச்சைப் பட்டனை அழுத்தவும்' என்று எழுதிவிட்டு, கை பரபரத்தாலும், அது எந்த இலையின் பச்சை என்று எழுதுவதில்லை.

என் கல்யாணம் நிச்சயமானபோது ஏழுமலை அண்ணன்தான் வேன் பேசிக் கொடுத்தார். பத்திரிகை அடிக்க அப்பாவும் நானும் படப்பையில் ஒரு பிரஸ்ஸுக்குப் போனோம். எல்லாம் பேசி முடித்ததும் பிரஸ்காரர் பேனாவை எடுத்தார்.

"மண்டபத்துக்கு எப்படி வரணும்னு பின்பக்கம் வழி போடணும் சார். பாப்பா படிச்ச பொண்ணுதானே, அதுவே எழுதிக் கொடுக்கட்டுமே."

அப்பா சட்டென்று அவர் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கிக்கொண்டார்.

"வழியே வேணாம்பா. மாப்ள வூட்டுக்காரங்க மண்டபத்துக்கு வந்து சேரணும் எனக்கு."